நாலே முக்கால் பஸ்ஸும் விலாங்கு மீனும்

என் வரவேற்புரை நீளம் என்று சொல்பவர்களுக்கு நல்ல பேச்சைக் கேட்டுப் பழக்கமில்லை என்றுதான் போன வருஷம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். முப்பத்தாறு வருஷம் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். துரைக்கு வரவேற்பு, துரைக்குப் பிரியாவிடை, கோயில் திருவிழா, பள்ளிக்கூடத்துப் பரிசளிப்பு என்று எது நடந்தாலும் மைக்கைப் பிடித்தது இந்தக் கஜேந்திரன்தான். ஓய்வு பெற்ற அன்றே மைக் கையை விட்டுப் போனது. வேலை போனதைவிட அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அந்தக் கவலையில்தான் மூத்தோர் அறிவு வட்டத்தையே நான் தொடங்கினேன் என்று என் சிநேகிதர் சரிபுதீன் அண்ணன், எங்கள் பக்கத்து வழக்கில் நானா, ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வயதானவர்களுக்கும் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது, கேட்க ஓர் இடம்தான் இல்லை என்று நான் நினைத்ததும் உண்மை. ஹட்டன் கடைத்தெருவில் நானாவின் இரும்புக்கடைக்கு மேல்மாடியில் பெயின்ட் வாளிகளை ஓரமாக ஒதுக்கி, முப்பது பிளாஸ்டிக் கதிரை போட்டோம். மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. அறுபது தாண்டிய யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்த ஒருவர் வந்து ஒரு மணித்தியாலம் அதைப் பற்றிப் பேசுவார். இடி ஏன் விழுகிறது, கண் எப்படிப் பார்க்கிறது, திமிங்கிலத்துக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்றெல்லாம் தலைப்புகள். கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள், பெக்டரியில் நின்றவர்கள், வாத்தியார்மார், கடைக்காரர்கள் என்று இருபது இருபத்தைந்து பேர் தவறாமல் வந்தார்கள்.

நிகழ்ச்சி ஒழுங்கையும் நானே தயாரித்தேன். முதலில் மங்கள விளக்கேற்றல். அப்புறம் இறைவணக்கம். அப்புறம் எங்கள் தலைவர் விஜிதரன் மாஸ்டரின் தலைமையுரை. அதற்குப் பிறகு என் வரவேற்புரை, என் வாயாலேயே பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, படம் பிடித்தல். பேச்சு முடிந்ததும் என் நன்றியுரை, பிளேன்டீ, வடை. ஒரு கூட்டம் என்றால் இவ்வளவும் வேண்டும். இல்லாவிட்டால் அது பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நின்று கதைப்பது போலாகிவிடும்.

இதில் எனக்கிருந்த ஒரே தலைவலி நாகலெட்சுமி அம்மா.

நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். எழுபத்தொரு வயது. ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. இரண்டரைக்கே வந்து கடைசி வரிசையில் கதவோரக் கதிரையில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொள்வார். பேச்சாளர் வாயைத் திறந்தால் கண்ணை எடுக்க மாட்டார். இவ்வளவும் நல்லதுதான். ஆனால் நாலு இருபதுக்கு, பேச்சு சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்து, கதிரையைக் கிறீச்சென்று தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒருநாள் இருநாள் இல்லை. பதினாலு கூட்டம், பதினாலு தடவை.

பதினாலாவது கூட்டத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அன்றைக்குப் பேசியது பிரியந்தி. வட்டகொடைத் தோட்டத்துப் பிள்ளை, லயத்து வரிசை வீட்டிலிருந்து படித்துப் போய்ப் பல்கலைக்கழகத்தில் மீன்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். தலைப்பு விலாங்கு மீன். எங்கள் மலை ஓடைகளில் கிடக்கிறதே, பாம்பு மாதிரி வழுவழுப்பாக, அதே விலாங்குதான். அது பிறப்பது இங்கே இல்லை, கடலில் பிறந்து களனி கங்கை ஆற்றின் வழியாக மலை ஏறி வருகிறது, முட்டையிடுவதற்குத் திரும்பவும் கடலுக்குப் போகிறது என்று அவர் சொன்னபோது மண்டபமே வாயைப் பிளந்தது. "அப்பிடிக் கடலுக்குப் போற விலாங்கு எங்க போகுது தெரியுமா?" என்று பிரியந்தி கேட்டார். அந்த நொடியில் கிறீச். பிள்ளை பேச்சை நிறுத்திக் கதவைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த மாத வரவேற்புரையில் ஒரு பந்தி கூடுதலாக எழுதினேன். "பேச்சின் நடுவே எழுந்து செல்வது பேச்சாளரை அவமதிப்பதாகும். இறுதிவரை அமர்ந்திருக்க இயலாதவர்கள் தயவுசெய்து வருகை தருவதைத் தவிர்த்துக்கொள்ளவும்" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். நாகலெட்சுமி அம்மா எழுந்தார். மேடைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார். இந்த முறை கதிரையைச் சத்தம் வராமல் தூக்கி நகர்த்திவிட்டு இறங்கிப் போனார்.

பதினாறாவது கூட்டத்துக்கு அவர் வரவில்லை. ஒழுங்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் நாலு இருபது ஆனதும் என் கண் தானாகக் கதவோரக் கதிரைக்குப் போனது. அது காலியாகக் கிடந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு சரிபுதீன் நானா கதிரைகளை அடுக்கிக்கொண்டே, "சந்தோசமா இப்ப?" என்றார்.

"ஏன் நானா, நான் சொன்னதுல என்ன பிழை?"

"அந்த மனிசிக்கு நாலே முக்காலுக்கு பஸ். அத விட்டா அடுத்தது ஏழு மணிக்கு. எறங்கி ஒன்றரைக் கட்ட தூரம் மல ஏறணும், இருட்டுல, சிறுத்தப்புலி வேற இரிக்கி அந்தப் பக்கம். ஒவ்வொரு முறையும் கீழ என்ட கடை வாசல்ல நிண்டு செருப்ப மாட்டிக்கிட்டே மேல பேசுறதக் கேப்பா. நான்தான் வெரட்டி வெரட்டி அனுப்புறது, பஸ் போயிரும்னு."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா? மூணு மணிக் கூட்டத்துல பேச வாற பிள்ளைகள் வாயத் தெறக்குறப்ப மணி நாலு. அது வரைக்கும் யார்ட பேச்சு? ஒங்கட பேச்சு. எப்பிடிச் சொல்ற?"

இரண்டு நாள் நானாவோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பழைய வரவேற்புரைகளை எடுத்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். முப்பத்தோரு நிமிஷம். இன்னொன்று முப்பத்து நாலு. ஒரு மணித்தியாலம் பேச வந்தவர்களுக்கு மிஞ்சியது அரை மணித்தியாலம் சொச்சம்தான். பதினாலு கூட்டத்திலும் அந்த அம்மா என்னை முழுசாகக் கேட்டிருக்கிறார். கேட்க வந்ததைப் பாதிதான் கேட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது, சொல்வதற்கென்ன.

ஞாயிற்றுக்கிழமை பதிவுப் புத்தகத்தில் விலாசம் பார்த்துக்கொண்டு நோட்டன் பிரிட்ஜ் பஸ் ஏறினேன். நானா சொன்ன ஒன்றரைக் கட்டை, அந்த ஒன்றரை மைல் மலையைப் பட்டப்பகலில் ஏறுவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. மேலே லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பைப்படியில் ஏழெட்டுப் பேர் கூடி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் நாகலெட்சுமி அம்மா. எனக்கு முதுகு தெரிய உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கவென்று கொய்யா மரத்தடியில் நின்றேன். நின்றவன் அப்படியே நின்றுவிட்டேன்.

விலாங்கு கடலிலிருந்து கண்ணாடி ஊசி மாதிரி வருவதை, மழை நாளில் ஈரப் பாறையில் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து ஏறுவதை, எங்கள் ஓடைகளில் பதினைந்து இருபது வருஷம் கிடப்பதை, ஒரு நாள் திடீரென்று சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெள்ளத்தோடு இறங்கிப் போவதை, பிரியந்தி சொன்ன வரிசை மாறாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பிரியந்தியிடம்கூட அந்தச் சுவை இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி குடத்தை நிரம்ப விட்டு மறந்துபோய்த் தண்ணீர் வழிந்து ஓடியது.

"அப்புறம் கடலுக்குப் போயி என்னா செய்யுது?" என்று பல்லில்லாத ஒரு பெரியவர் கேட்டார்.

"கடலுக்குப் போயி, ராமையாண்ணே, ஒலகத்துல இருக்குற அத்தன விலாங்கும் ஒரே எடத்துல கூடுது. கூடி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பெரிய தீவு கணக்கா மெதக்குது. கப்பல்காரன் பாத்தா தரைன்னே நெனச்சுக்குவான். அங்கதான் முட்ட."

"நெசமாவா?"

"பின்ன? அந்த புள்ள சொல்லிச்சு."

பிரியந்தி அப்படி எதுவும் சொல்லியிருக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் போய், இருமலாக வெளியே வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். நான் போட்டிருந்த கோட்டையும் காலில் சப்பாத்தையும் பார்த்ததும் இராமையா உட்பட அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நாகலெட்சுமி அம்மாவுக்கு முகம் செத்துப்போனது.

"கிளாக்கரய்யா..." என்று கும்பிட்டார். "கேட்டுட்டீங்களா?"

"கேட்டேம்மா. ரொம்ப நல்லா..."

"பொய்யிங்க," என்றார். "அந்தத் தீவு நானே கட்டிச் சொன்னதுங்க. எனக்கு முடிவு தெரியாதுங்கய்யா. திமிங்கிலத்துக்கும் தெரியாது, இடிக்கும் தெரியாது, ஒண்ணுக்கும் தெரியாது. பாதியில ஓடியாந்துர்றேன். இங்க வந்தா இதுக விடமாட்டேங்குதுக, முடிவச் சொல்லு முடிவச் சொல்லுன்னு. பஸ்ஸுல வாரப்பவே நானே ஒண்ண நெனச்சுக்கிட்டு வந்து சொல்லிப்புடுறது. ஒங்க கூட்டத்துப் பேரக் கெடுத்துட்டேன். அதான் ஆண்டவன் ஒங்க வாயாலயே வர வேணாம்னு சொல்ல வச்சுட்டான்."

"பஸ்ஸுக்கு நேரமாகுதுன்னு ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "ஐயா பேசிக்கிட்டு இருக்கப்ப எப்பிடிங்க சொல்றது? காலம்பூரா பெரட்டுல கண்டாக்கு பேசுறப்பவே நாங்க வாயத் தொறந்ததில்ல. நீங்க பெரிய கிளாக்கரு."

விடியற்காலைப் பெரட்டில் கண்டாக்கு பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் வாய் திறக்காமல் இருப்பதை முப்பத்தாறு வருஷம் நானும் பார்த்திருக்கிறேன். ஒழுங்கு என்று மெச்சியும் இருக்கிறேன். அதைத்தான் என் கூட்டத்திலும் செய்துகொண்டிருந்தேன் என்பது அந்தப் பைப்படியில்தான் எனக்கு உறைத்தது.

"சரிங்கய்யா, வந்ததே வந்தீங்க," என்றார் நாகலெட்சுமி அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களே இதுககிட்ட உண்மையச் சொல்லிப்புடுங்க. அந்த விலாங்கு எங்க போயி முட்ட போடுது?"

எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பேசச் சொன்னால் நான் தயங்கியதாகச் சரித்திரம் இல்லை. வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முடிவு தெரியாது. முன் வரிசையில், பேச்சாளருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தவன் நான். கதிரை கிறீச்சிட்ட பிறகு கால் மணித்தியாலம் பிரியந்தி பேசினார். அந்தக் கால் மணித்தியாலமும் நான் என் நன்றியுரையைத்தான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திமிங்கிலத்தின்போதும் அதுதான். இடியின்போதும் அதுதான். அந்த அம்மாவாவது பஸ்ஸுக்காகப் போனார். நான் அங்கேயே இருந்துகொண்டு போயிருக்கிறேன்.

ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளிக்கலாமா என்றுகூட யோசித்தேன். தீவைவிட நல்ல பொய் எதுவும் அகப்படவில்லை.

"எனக்கும் தெரியாதும்மா," என்றேன். "நான் கவனிக்கல."

"சும்மா சொல்றீங்க."

"சத்தியமா. அடுத்த மாசம் அந்தப் புள்ளையத் திரும்பக் கூப்பிடுறேன். இதே விலாங்கு. மூணு மணின்னா மூணு மணிக்குத் தொடங்கும். நாலு மணிக்கு முடியும். நீங்க அதுக்குப் பெறகு அவசரமில்லாம ஆறுதலா நடந்து போயி பஸ்ஸப் பிடிக்கலாம்."

அவர் கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தி வைத்தார். "அப்ப நான் வரலாங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எழுபத்தொரு வயது மனுஷியைக் கேட்க வைத்தவன் நான்தான். "வாங்கம்மா, நானே எடம் பிடிச்சு வைக்கிறேன்," என்றேன்.

பிரியந்தி ஒரே தடவையில் சம்மதித்தார். விஜிதரன் மாஸ்டர்தான் கொஞ்சம் முறுக்கிக்கொண்டார். தலைமையுரை இல்லாமல் தலைவர் எதற்கு என்று கேட்டார். முன்னால் உட்காருவதற்கு என்றேன். விளக்கை இரண்டு ஐம்பதுக்கு நானே ஏற்றினேன். மூன்று மணிக்கு எழுந்து, "எல்லாருக்கும் வணக்கம், பிரியந்தி விலாங்கு பற்றிப் பேசுவார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் மூன்றரைக்கு வந்தவர்கள் படியேறும்போது விலாங்கு பாதி மலை ஏறிவிட்டிருந்தது. "என்னாங்க இது, பெரட்டுக்கு வர்ற மாதிரி வரணுமா?" என்று ஒருவர் முணுமுணுத்தார். சரிபுதீன் நானா அவரைப் பிடித்து ஒரு கதிரையில் அமுக்கினார்.

நாகலெட்சுமி அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். உடம்பைக் குறுக்கிக்கொண்டு கதிரை நுனியில்தான் இருந்தார். நேரம் போகப் போக எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை இழுத்துவிட்டால்? நாலே காலும் தாண்டிவிட்டால்? சுவர்க் கடிகாரத்தை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்தேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிரியந்தி அந்த இடத்துக்கு வந்தார். "அப்பிடிக் கடலுக்குப் போற விலாங்கு எங்க போயி முட்ட போடுது தெரியுமா?" என்று போன தடவை போலவே கேட்டார். நாகலெட்சுமி அம்மாவின் கை குடைக் கம்பை இறுக்கிப் பிடித்தது.

"தெரியாது," என்றார் பிரியந்தி. "குட்டிகள வலையில பிடிச்சிருக்காங்க. போற வழியில பெரிய விலாங்கையும் பாத்திருக்காங்க. ஆனா இந்தச் சமுத்திரத்துல அது முட்டையிடுற எடத்த இதுவரைக்கும் யாரும் கண்ணால பாத்ததில்ல. தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். இதோட என் பேச்சு முடிஞ்சுது."

இவ்வளவு பாடுபட்டு ஒரு முடிவைக் கொண்டுவரச் சொன்னால் தெரியாது என்பதா முடிவு? அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தார். அப்புறம் மெதுவாக எழுந்தார். பஸ்ஸுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்தோம்.

"புள்ள, எனக்குத் தெரியல, பாதியில ஓடிட்டேன். கிளாக்கரய்யாவுக்குத் தெரியல, அவரு கவனிக்கல," என்றார். "நீ இத்தன படிப்பு படிச்ச புள்ள. ஒனக்குமா தெரியாது?"

"எனக்குந் தெரியாதும்மா. ஒலகத்துல யாருக்குமே தெரியாது."

"ஆத்தாடி!" என்றார். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். பதினாலு மாதமாகத் தனக்கு மட்டும் கிடைக்காமல் போனது என்று ஏங்கிக்கொண்டிருந்த ஒன்று, உலகத்தில் யாருக்குமே கிடைத்ததில்லை என்று தெரிந்த சந்தோஷம் அது. "அப்ப நான் லயத்துல சொன்ன தீவு தப்புன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாதும்மா," என்று பிரியந்தி சிரித்தார். "என்னா தீவு, சொல்லுங்க."

நின்றபடியே சொன்னார். மண்டபம் கைதட்டியது. "கண்டுபிடிச்சா மொதல்ல எங்களுக்குத்தான் சொல்லணும்," என்று பிள்ளையிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்தது என் நன்றியுரை. எழுந்தேன். எல்லாரும் பெருமூச்சோடு சாய்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருந்தது.

"பிரியந்தி, எனக்கு ஒரு கேள்வி," என்றேன். "வயித்துல ஒண்ணுமில்லாம அவ்வளவு தூரம் அது எப்பிடிம்மா நீந்திப் போகுது?"

பிரியந்தி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் என் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அதத்தான் அந்த புள்ள சொல்லிச்சே!" என்றார் நாகலெட்சுமி அம்மா. "நீங்க அந்நேரம் கடியாரத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஒக்காருங்க சொல்றேன்."

மண்டபத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும், ஒரு பெரிய கிளாக்கரைப் பார்த்துக் கொழுந்தெடுத்த ஒரு மனுஷி இப்படிச் சொன்னதில்லை. அவருக்கும் சொன்ன பிறகுதான் அது தெரிந்திருக்க வேண்டும், கையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் உட்கார்ந்தேன். "சொல்லுங்கம்மா," என்றேன்.

சரிபுதீன் நானாதான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லாரும். நாகலெட்சுமி அம்மா கதிரை நுனியிலிருந்து நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, என் பக்கம் திரும்பி, விலாங்கு தன் கொழுப்பைத் தின்றே கடல் தாண்டுகிற கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். இந்தத் தடவை நான் ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.